ஆரஞ்சும் சாம்பலும் – 14: அலமாரியில் ஒரு பச்சைத் தவளை

தன் தம்பியின் சாவுக்குக்கூடப் போகாமல் குட்டியின் அப்பா வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார் என்று போன வாரம் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி அவருக்கு அர்ச்சனைதான். "அந்த ஆளையே விசிறி இறக்கையில் கட்டிச் சுற்றவிடுங்கள்" என்று ஒரு வாசகி தீர்ப்பே எழுதிவிட்டார். அம்மா தாயே, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரத்தைப் படித்துவிட்டு, சுற்றவிடலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இருபத்திமூன்று வருடம் முன்னால் ஒரே வீட்டில் ஓர் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் வீடியோ கேம் பெட்டி செய்த கம்பெனியில் அண்ணனுக்கு வேலை. கையில் பிடித்து விளையாடும் கண்ட்ரோலருக்கு முதல் உருவத்தை மரத்தில் செதுக்கிக் கொடுப்பவர். தம்பிக்கு வேலை, சாம்பல் நிறப் பெட்டி செய்த எதிரிக் கம்பெனியில், விளம்பரப் பிரிவில்.

இரண்டு கட்டைவிரலும் சுகமாக உட்கார இரண்டு பள்ளம் வைத்து அண்ணன் எட்டு மாதம் ஒரு கண்ட்ரோலரைச் செதுக்கினார். அது கடைக்கு வருவதற்கு முன்பே, அதே பள்ளங்களோடு, சாம்பல் கம்பெனியின் கண்ட்ரோலர் வந்துவிட்டது. "நீதானே?" என்று அண்ணன் கேட்டார். "ஆமா, நான்தான்" என்றார் தம்பி. ரகசியம் வெளியே போனதற்காக அண்ணனுக்கு வேலை போயிற்று. அன்றைக்கே தம்பி மனைவியோடு வீட்டைவிட்டு வெளியேறினார். அதோடு சரி, பேச்சு கிடையாது.

அந்த அண்ணனின் ஒரே மகள்தான் நம் குட்டி. முப்பது வயதாகிவிட்டது, இன்னும் குட்டிதான். படத்தொகுப்பு அவள் தொழில். அந்த இரண்டு கம்பெனிகளும் போட்டுக்கொண்ட சண்டையைப் பற்றிய ஆவணப்படம் இப்போது அவள் மேஜையில் இருக்கிறது. நாளை மறுநாள் படம் ஊருக்கெல்லாம் வெளியாகிறது.

இன்று மாலை ஆறு மணிக்குள் படத்தை முடித்து அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால், நாலு மணிக்கு அப்பா வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

காலை ஒன்பதுக்கே அப்பாவின் போன்.

"குட்டி, நீலச் சட்டை போடவா, கோடு போட்டதைப் போடவா?"

"எதுக்குப்பா? இருட்டு ரூம்ல உக்காந்து பார்க்கப் போறீங்க. உங்க சட்டையை யாரு பார்க்கப் போறா?"

"நீ சும்மா இரு. இருபத்திமூணு வருஷமா காத்துட்டிருக்கேன். யாரு செஞ்சான்னு உலகம் பூரா தெரியப் போற நாளு. அழுக்குச் சட்டையிலயா வர முடியும்?"

"கோடு போட்டது" என்றாள் அவள்.

போனை வைத்தபிறகும் அவர் குரலில் இருந்த உற்சாகம் காதிலேயே நின்றது. வேலை போனபிறகு பிளாஸ்டிக் வாளிக்கும் குவளைக்கும் அச்சு செய்தே ஓய்வு பெற்ற மனிதர். அவர் இப்படிக் குதூகலமாகப் பேசி அவள் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்து இயக்குநரின் போன். நல்ல மனிதர்தான், ஆனால் படம் முடிகிற நேரத்தில் எந்த இயக்குநருக்கும் மண்டை சரியாக இருக்காது.

"எடிட்டர், அந்த 'நான்தான்' இருக்கு பாருங்க, அது முடிஞ்சதும் அடுத்த ஆளுக்குத் தாவிடறோம். பத்து செகண்டு அவர் முகத்துலயே நிறுத்துங்க. துரோகின்னா இப்படித்தான் சாதாரணமா இருப்பான்னு ஜனங்க பார்க்கட்டும்."

"சார், அவர் என் சித்தப்பா. செத்து இருபது நாள் ஆகுது."



"தெரியும்மா. மன்னிச்சிரு. ஆனா அவரே வாயால ஒத்துக்கிட்டதுதானே? நாம ஒண்ணும் சேர்த்துச் சொல்லலையே."

அதுவும் சரிதான். இறப்பதற்கு முன் கொடுத்த பேட்டியில் சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, சிரித்த முகமாகத்தான் சொல்லியிருந்தார். நாலு மாதமாக அந்தச் சிரிப்பை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து அவளுக்கு வெறுப்பே வந்திருந்தது. செய்வதையும் செய்துவிட்டு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? அவர் சாவுக்கு அப்பாவுக்குத் தெரியாமல் போய்க் கடைசி வரிசையில் நின்றபோதுகூட அவளுக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

பத்து வினாடி நீட்டுவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு அறைக்கும் சொந்தமாக ஒரு மௌனம் உண்டு. விசிறி, ஜன்னல், தெரு எல்லாம் கலந்த மெல்லிய இரைச்சல். யாரும் பேசாத இடத்தில் அந்த இரைச்சலும் இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்குக் காது அடைத்தது போல இருக்கும். அதனால் படமெடுக்கப் போகிறவர்கள் கிளம்புமுன் எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லி, அறையின் மௌனத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு வருவார்கள். சித்தப்பா வீட்டில் ஏதோ அவசரம், மறந்துவிட்டார்கள்.

பேட்டி முடிந்தபிறகு ஒளிப்பதிவாளர் அவர் வீட்டு அலமாரியை எடுத்த காட்சிகள் கிடந்தன. வரிசையாகப் புத்தகங்கள், ஒரு கடிகாரம், பச்சை நிறத்தில் ஒரு பொம்மைத் தவளை. இடையிடையே ஒட்டுப்போட அவள் ஏற்கெனவே ஏழெட்டு இடத்தில் அவற்றைப் பயன்படுத்தியிருந்தாள். ஆனால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான். அதில் மௌனம் கிடைக்குமா என்று பார்க்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை முதல்முறையாகத் திறந்தாள்.

மௌனம் இல்லை. நடக்கும் சத்தம், சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம். சித்தப்பாவின் சட்டையில் குத்திய மைக்கை யாரும் கழற்றவில்லை. அவர் அதோடேயே உள்ளே போயிருக்கிறார்.

"ஏங்க, திரும்பவும் அதையேதான் சொன்னீங்களா?" அது சித்தியின் குரல்.

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"நடந்ததைச் சொல்லுங்க. அவதான் வளர்ந்து பெரியவளாயிட்டாளே."

"அவ வளர்ந்துட்டா. அவங்கப்பனுக்கு வயசாயிடுச்சே. இப்பப் போய், உன் வேலை போனது உன் மகளாலதான்யான்னு சொல்லச் சொல்றியா?"

குட்டியின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

"அவ என்ன, தெரிஞ்சா செஞ்சா?" சித்தியின் குரல் உடைந்தது. "ஏழு வயசுப் பொண்ணு. உங்களுக்குன்னு ஆசை ஆசையா ஒரு தவளை செஞ்சு கொடுத்தா."

"அதைத்தானே நானும் சொல்றேன். அவ ஆசையாக் கொடுத்தா. முட்டாள் மாதிரி ஆபீஸ் மேஜையில கொண்டுபோய் வெச்சது யாரு? நான். அப்ப எடுத்துட்டுப் போனது நான்தானே? பொய்யா சொன்னேன்?"

"பேச்சுல உங்களை ஜெயிக்க முடியுமா."

"இங்க பாரு. அன்னைக்கு அண்ணன் இருந்த கோவத்துல அவளை ஒரு மாதிரி பார்த்திருந்தாப் போதும், முடிஞ்சுது. அம்மா இல்லாத புள்ள. அப்பனும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா அது எங்கடி போகும்? எனக்காவது நீ இருக்க."

சித்தி குழாயைத் திறந்து பாத்திரம் கழுவும் சத்தம்.

"படத்தை வெட்டி ஒட்டறது அவதானாமே?"

"ஆமா. தினம் என் மூஞ்சியைப் பார்ப்பா. அதனாலதான் நல்ல சட்டையாப் பார்த்துப் போட்டேன்." சித்தப்பா சிரித்தார். "சிரிச்ச மாதிரியும் இருந்தேன். சித்தப்பா நல்லாத்தான் இருக்காருன்னு தவக்களை நினைச்சுக்கட்டுமே. ஐயையோ, இந்த மைக்கு இன்னும் மாட்டியே இருக்கு பாரு. தம்பி, இதைக் கொஞ்சம் கழட்டுங்க!"

அவ்வளவுதான். திரையில் பச்சைத் தவளை இரண்டு பொத்தான் கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தவக்களை. ஓரிடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்ததால் சித்தப்பா வைத்த பெயர். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இருபத்திமூன்று வருடம் கழித்து அந்தப் பெயரைச் செத்துப்போனவர் வாயிலிருந்து கேட்டதும் குட்டி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். பக்கத்து அறையில் வேலை செய்யும் பெண் கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்கும்வரை அழுதாள்.

---

இரண்டு பேருந்து மாறி அவள் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

கதவைத் திறந்த சித்திக்கு ஆச்சரியமே இல்லை. "வா. சாப்பிட்டியா?" என்றாள். ஏதோ நேற்று மாலை போய்விட்டு இன்று காலை வந்த மாதிரி.

அம்மா போனபிறகு ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுவரை தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது இந்தச் சித்திதான். அப்போது குட்டி அவளிடம் "நீ", "வா", "போ" என்றுதான் பேசுவாள். இப்போது வாய் கூசியது.

"சித்தி, அந்தத் தவளையை நான்தானே செஞ்சேன்?"

சித்தி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரு சொன்னா?"

"சித்தப்பாதான். மைக்கைக் கழட்டாமப் பேசியிருக்காரு. எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"அட மனுஷா" என்றாள் சித்தி, அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த சித்தப்பாவின் படத்தைப் பார்த்து. "என் வாயை மட்டும் கட்டிப்போட்டீங்களே." கோபமா அழுகையா என்று தெரியாத குரல்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அந்த வீட்டில் ஒரு விதி இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிர்க் கம்பெனியில் வேலை பார்த்ததால், செருப்போடு ஆபீஸையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அண்ணன் என்ன செய்கிறார் என்று தம்பி கேட்கமாட்டார், தம்பி என்ன எழுதுகிறார் என்று அண்ணன் பார்க்கமாட்டார். அவ்வளவு நாணயம் பார்த்தார்கள், இரண்டு பேருமே.

அந்த வருடம் அப்பா ஒரே ஒரு தப்புச் செய்தார். சின்னப் பிள்ளைகளின் கைக்கும் பொருந்த வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டதால், மர மாடலை ரகசியமாக வீட்டுக்கு எடுத்துவந்து, தன் அறையில் மகளின் கையில் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துச் செதுக்கினார். மழை நாளில் அவளுக்குப் பொழுதுபோக, களிமண்ணில் ஒரு பொருளை அழுத்தி, அந்தக் குழியில் பிளாஸ்டரை ஊற்றி, அச்சு எடுப்பது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தார்.

"உங்கப்பா இல்லாத நேரம் பார்த்து நீ அந்த மாடலை அழுத்தி அச்சு எடுத்திருக்க. வெள்ளையா என்னமோ ஒண்ணைக் கொண்டுவந்து, சித்தி பெயிண்ட் கொடுன்னே. நான்தான் பச்சை கொடுத்தேன். கண்ணுக்குப் பொத்தானும் நான்தான் கொடுத்தேன். சித்தப்பா, இந்தா நான், உன் ஆபீஸ்ல வெச்சுக்கோன்னு கொடுத்த. அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியல."

"சித்தப்பாவுக்கு அது கண்ட்ரோலர்னு தெரியலையா?"

"எப்படித் தெரியும்? உங்கப்பா என்ன செதுக்கறாருன்னு ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். இல்ல, உங்கப்பாவாவது ஒரு நாள் இவர் மேஜைப் பக்கம் போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும். ரெண்டும்தான் உத்தமனுங்களாச்சே!"

சித்தப்பாவின் மேஜைமேல் ஒரு போன் இருந்தது. கண்ட்ரோலர் வடிவமைக்கும் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தினமும் அங்கே வந்து வீட்டுக்குப் பேசுவார். பேசுகிற நேரம் முழுக்கத் தவளையைக் கையில் வைத்து உருட்டுவார். கட்டைவிரல் நுனி தானாகப் போய்ப் பள்ளத்தில் உட்காரும். அவரும் திருட வந்தவர் இல்லை. ஒரு நாள், இந்தப் பிடி நன்றாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"கடையில வாங்கின கண்ட்ரோலரைக் கையில வெச்சுக்கிட்டு உங்கப்பா வந்து கத்தினாரே, அந்த நிமிஷம்தான் இவருக்குப் புரிஞ்சுது. நீ என் இடுப்பைக் கட்டிக்கிட்டு நின்ன. இவர் உன்னை ஒரு தடவை பார்த்தாரு. பார்த்துட்டுச் சொன்னாரு."

அது குட்டிக்கு ஞாபகம் இருந்தது. சித்தப்பா தன்னைப் பார்த்தார். வெட்கத்தில்தான் பார்த்தார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில கடைசி நாலு நாள்" என்று சித்தி சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி தொடர்ந்தாள். "கதவு தொறந்தாத் திரும்பிப் பார்ப்பாரு. ஒவ்வொரு தடவையும். நர்சு வந்தா மூஞ்சி சுருங்கிடும். சாப்பாடு கொண்டுவர்றவன் வந்தாலும் அப்படித்தான். அண்ணன் வரலையான்னு கடைசி வரைக்கும் கேட்டாரு. வழியில வந்துட்டிருக்காருங்கன்னு சொன்னேன். நாலு நாளா வழியிலயே வந்துட்டிருந்தாரு உங்கப்பா."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இதை எழுதும்போது எனக்கும் முடியவில்லை, மன்னிக்க வேண்டும்.

"நான் என்ன பண்ணட்டும் சித்தி? நீங்களே சொல்லுங்க."

"என்னைக் கேக்காத. சொல்லாதேன்னு வாக்கு வாங்கினாரு, நான் சொல்லல. நீயாக் கேட்டுட்ட." சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. இந்தத் தெருவுல அவரைச் சாருன்னுதான் கூப்பிடுவாங்க. நாளைக்கழிச்சு உன் படம் வந்தா, எல்லாரும் பார்ப்பாங்க இல்ல?"

வாசல்வரை வந்தவள் திரும்பி உள்ளே போய், தவளையைச் சித்தப்பாவின் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தாள்.

திரும்புகிற பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு குட்டி யோசித்தாள். சொல்லாவிட்டால், நல்ல சட்டை போட்டுக்கொண்டு சிரித்த மனிதர் நாளை மறுநாளிலிருந்து ஊர் உலகத்துக்கே திருடன். சொன்னால், எந்தப் பார்வை அவள்மேல் விழக்கூடாது என்று அவர் ஆயுசைக் கொடுத்தாரோ, அந்தப் பார்வை அப்பாவின் கண்ணில் இன்றைக்கு வரும். அவளுக்கும் அப்பாவைவிட்டால் யாரும் இல்லை.

---

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். கோடு போட்ட சட்டை. வாசனையாக ஏதோ பூசியிருந்தார். இயக்குநரோடு கைகுலுக்கி, "ரொம்ப உபகாரம் சார்" என்று இரண்டு தடவை சொன்னார்.

"சார், நானும் அப்பாவும் மட்டும் பார்க்கறோமே" என்றாள் குட்டி. அவள் கண் வீங்கியிருந்ததைப் பார்த்து இயக்குநர் ஒன்றும் கேட்காமல் வெளியே போனார்.

படம் ஓடியது. முழுப்பக்க விளம்பரத்தில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கேலி செய்தது, கடை வாசலில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது, ஆரஞ்சுக் கம்பெனியின் கதவில் பூட்டுத் தொங்கியது. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தெரிந்த முகம் வரும்போதெல்லாம் "இவன் என் செக்ஷன்தான்" என்று விரலை நீட்டினார். தன் பேட்டி வந்ததும் வெட்கப்பட்டார்.

பிறகு சித்தப்பா வந்தார்.

"ஆமா, நான்தான்."

"பார்த்தியா!" என்று அப்பா தொடையைத் தட்டினார். "சிரிக்கறான் பாரு! கொஞ்சமாவது உறுத்துதா பாரு!" சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் இறங்கியது. "இளைச்சுப் போயிருந்தானா? கழுத்தெல்லாம் என்ன இப்படி இருக்கு?"

குட்டி படத்தை நிறுத்தினாள். விளக்கைப் போட்டாள். கைக்குட்டையைப் பிரித்துத் தவளையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"என்னம்மா இது, பொம்மை?"

அவர் வாய்தான் அப்படிக் கேட்டது. கைக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் இரண்டும் தவளையின் முதுகிலிருந்த பள்ளங்களைத் தேடிப்போயின. பெரிய விரல்கள், நுனி மட்டும்தான் உள்ளே போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தவளையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடதுபக்கம், பச்சைக்கு அடியில், உளி சறுக்கி விழுந்த ஒரு சின்னக் கோடு. அன்றைக்கு மரத்தில் அவர் கையால் விழுந்த கோடு.

"இது எங்க இருந்துச்சு?"

"சித்தப்பா அலமாரியில. அதுக்கு முன்னாடி, அவர் ஆபீஸ் மேஜையில."

"யாரு செஞ்சது?"



"நான்தாம்ப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள். என்ன வந்தாலும் வரட்டும், அதை அந்த மனிதருக்காக ஒரு தடவையாவது தானே வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

அவர் பார்வை அவள் முகத்திலிருந்து கைக்கு இறங்கியது. அவள் கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். சேரவில்லை. அது ஏழு வயதுக் கைக்குச் செய்தது.

"அச்சு சுத்தமா வந்திருக்கு" என்றார் மெதுவாக. "ஒரு குமிழிகூட இல்ல. யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"நீங்கதாம்ப்பா."

அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. வேலை போனபோதும் அழவில்லை, வாளிக் கம்பெனியில் சேர்ந்தபோதும் அழவில்லை. இப்போது அந்தக் கோடு போட்ட சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். "என் தம்பிடி" என்றார். "என் தம்பியைப் போய் நான்..." வாக்கியம் முடியவே இல்லை.

அவர் கொஞ்சம் அடங்கியதும் ஹெட்போனை மாட்டிவிட்டு, சமையலறைப் பேச்சைப் போட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். 'எனக்காவது நீ இருக்க' என்ற இடத்தில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். 'நல்ல சட்டையாப் பார்த்துப் போட்டேன்' என்ற இடத்தில் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடு" என்றார். போட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டார். இருபத்திமூன்று வருடமாகக் கேட்காத குரலை ஒரே நாளில் கேட்டுத் தீர்க்கப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

ஹெட்போனைக் கழற்றியதும் அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஆஸ்பத்திரியில அவன் என்னைக் கேட்டானா?"

ஆஸ்பத்திரிக் கதவு, நர்சு, வழியிலேயே வந்துகொண்டிருந்த அப்பா, எல்லாம் குட்டியின் கண்முன் வந்து போயிற்று. எதிரில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு எழுபதாகப் போகிறது.

"இல்லப்பா" என்றாள். "வலியே இல்லையாம். தூக்கத்துலயே போயிட்டாராம்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் அன்றைக்கு இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தாம்ப்பா."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தவளையைக் கைக்குட்டையில் பழையபடி சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"கிளம்பு."

"எங்கப்பா?"

"சித்தி வீட்டுக்கு. அவ கால்ல விழணும். விழுந்துட்டு அவகிட்ட கேக்கணும். நீ என்னைப் பார்த்து மனசு இரங்கி எதையாவது சொல்லுவ. அவ அப்படி இல்ல, எனக்கு அவளைத் தெரியும். கேட்டா உள்ளதைச் சொல்லிடுவா."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிவிட்டார். எதிரே வந்த இயக்குநரைக் கவனிக்கக்கூட இல்லை.

"எடிட்டர், மணி அஞ்சேமுக்கால். அந்தப் பத்து செகண்டு மௌனம் என்னாச்சு?"

"அந்த வீட்டுல மௌனமே இல்ல சார்" என்றாள் குட்டி. "படம் இன்னைக்குப் போகாது. அந்த 'நான்தான்' முடியற இடத்துல கதை முடியல. வந்து சொல்றேன், தயவுசெஞ்சு எதையும் அனுப்பிடாதீங்க."

"என்னது, போகாதா? ஏம்மா, நில்லு!"

அவள் நிற்கவில்லை. படியில் ஓடிக்கொண்டே சித்தியின் எண்ணைப் போட்டாள். அப்பா வந்து கேட்டால், சித்தப்பா அவரைத் தேடவே இல்லை என்று சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரிக் கதவைப் பற்றிச் சொல்லாதீர்கள், இந்த ஒரு தடவை மட்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சித்தியிடம் இன்னொரு வாக்கு வாங்க வேண்டும்.

மணி அடித்தது. இன்னும் அடித்தது. சித்தி எடுக்கவில்லை.

கீழே தெருவில் அப்பா ஒரு வாடகை வண்டியைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "சீக்கிரம் வா குட்டி" என்று கூப்பிட்டார். "அவ காத்துட்டிருப்பா."